பிரித்துப் பார்க்கும் உரிமை: இணைய வணிகத்தில் பணம் நிற்கும் இடம்

பழைய தமிழ் வார இதழ்களின் பின்பக்க விளம்பரங்களைப் புரட்டியவர்களுக்கு ‘வி.பி.பி.யில் அனுப்பி வைக்கப்படும்’ என்ற வரி நன்கு பழக்கம். கைக்கடிகாரம், லேகியம், சோதிட நூல் எல்லாம் அந்த மூன்றெழுத்தின் தயவில்தான் பட்டணத்திலிருந்து ஊர்ப்புறத்துக்குப் போயின. தபால்காரர் பொட்டலத்தோடு வாசலில் நிற்பார். பணத்தை எண்ணிக் கொடுத்தால் பொட்டலம் கைக்கு வரும். இந்திய அஞ்சல் துறை 1877-இல் தொடங்கிய ஏற்பாடு இது. 2010-இல் பிளிப்கார்ட் ‘கேஷ் ஆன் டெலிவரி’யைக் கொண்டுவந்தபோது அது பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. உண்மையில் தபால்காரரின் காக்கிப் பைக்குப் பதில் டெலிவரி பையனின் முதுகுப் பை வந்தது, அவ்வளவுதான்.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. வி.பி.பி.யிலும் சரி, இன்றைய கேஷ் ஆன் டெலிவரியிலும் சரி, பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க முடியும். முன்பின் தெரியாத விற்பனையாளரிடம் முன்பணம் கட்டத் தேவையில்லை என்ற அளவில் வாங்குபவருக்கு நிம்மதி. ஆனால் உள்ளே இருப்பது கேட்ட பொருளா, செங்கல்லா என்பது பணம் போன பிறகுதான் தெரியும். இங்கே ஒரு சட்ட முரண் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, முன்பு பார்த்திராத சரக்கைப் பெறுபவருக்கு அதைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்கிறது. ஏட்டில் இருக்கும் இந்த உரிமை வீட்டு வாசற்படியில் வந்ததும் மங்கிவிடுகிறது. பொருள் இன்னும் ‘ஏற்கப்படவில்லை’; பணமோ ஏற்கப்பட்டுவிட்டது.

1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்தை எழுதியவர்கள் இந்த ஓட்டையைக் கவனித்திருக்கிறார்கள். வி.பி.பி.யில் வசூலான பணத்தை, மோசடி நடந்திருந்தால், அனுப்பியவருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைக்கவும் பெற்றவருக்கே திருப்பித் தரவும் விதிகள் செய்ய அச்சட்டத்தின் 35-ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தந்தது. நடைமுறையில் அது எத்தனை பேருக்கு உதவியது என்பது வேறு கேள்வி. அந்தச் சிந்தனைதான் இங்கே முக்கியம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நிற்பவர் கையில் பணம் இருக்கும்போதே தகராறைத் தீர்த்துவிட வேண்டும் என்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு தபால் சட்டம் நினைத்தது. கடந்த கால் நூற்றாண்டின் இணைய வணிகச் சட்டங்கள் பெரும்பாலும் வேறு வழியில் போயின. தகவல் வெளியிடு, சம்மதம் வாங்கு, குறைதீர்க்க ஓர் அலுவலரை நியமி என்று அவை அடுக்குகின்றன. பணமும் தனிவிவரமும் யார் கையில், எதுவரை நிற்கலாம் என்ற கேள்வியை அவை அரிதாகவே கேட்கின்றன. நம்பிக்கைக் குறைவின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தத் திசைமாற்றத்துக்கு ஒரு வழக்குப் பின்னணி உண்டு. 2004-இன் இறுதியில் பாஸி டாட் காம் என்ற ஏலத்தளத்தில் சட்டவிரோதமான காணொளி ஒன்று விற்பனைக்கு வைக்கப்பட்டது. வைத்தவர் ஒரு மாணவர். கைதானவர்களில் தளத்தின் தலைமைச் செயல் அதிகாரியும் ஒருவர். தொழில்துறை அதிர்ந்துபோனது. 2008-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் திருத்தப்பட்டு, 79-ஆம் பிரிவு இடைநிலையாளர்களுக்கு விரிவான கவசமாயிற்று. பிறர் போட்ட சரக்குக்குத் தளம் பொறுப்பாகாது, உரிய கவனத்துடன் நடந்திருந்தால் போதும் என்பது அதன் சாரம். கைவிலங்குக்கு அஞ்சிச் செய்த கவசம், பிற்பாடு குக்கருக்கும் காலணிக்கும் கேடயமாகிவிட்டது.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2018-இல் கிறிஸ்டியன் லூபுட்டின் காலணி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, கிடங்கில் வைப்பது, பொதிவது, விளம்பரம் செய்வது, பணம் வசூலிப்பது என எல்லாவற்றிலும் கைவைக்கும் தளம் வெறும் இடைநிலையாளர் அல்ல என்ற கோணத்தில் ஆராய்ந்தார். 2020 ஜனவரியில் ஆம்வே வழக்கில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, 79-ஆம் பிரிவில் அப்படி ‘செயல்படுபவர்’, ‘செயல்படாதவர்’ என்ற பாகுபாடே இல்லை என்றது. சட்டத்தின் வாசகத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது தீர்ப்பு தவறென்று சொல்வது கடினம். அதனாலேயே குறை தீர்ப்பில் இல்லை, வாசகத்தில் இருக்கிறது என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

வாசகம் மாறாவிட்டாலும் வேறொரு வாசல் திறந்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஆகஸ்டில் கையில் எடுத்தது பிரஷர் குக்கரை. தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி 2021 பிப்ரவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத வீட்டுக் குக்கர்களை விற்கக்கூடாது. அமேசான் வழியே தரத்துக்கு உட்படாத 2,265 குக்கர்கள் விற்கப்பட்டிருந்தன. அந்த விற்பனையில் தளத்துக்குக் கிடைத்த கட்டணம் 6,14,825 ரூபாய், அதாவது குக்கர் ஒன்றுக்குச் சராசரி 271 ரூபாய். ஒவ்வொரு விற்பனையிலும் காசு பார்க்கும் தளம், பொருளில் கோளாறு என்றதும் விலகி நிற்க முடியாது என்றது ஆணையம். வாங்கியோர் அனைவருக்கும் தெரிவித்துக் குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைத் தரச் சொன்னது. அபராதம் 1 லட்சம் ரூபாய். கட்டணமாக ஈட்டியதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான தொகை அது. அதே மாதத்தில் 598 குக்கர்களுக்காக பிளிப்கார்ட்டுக்கும் அதே 1 லட்சம். அமேசான் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. அபராதத் தொகையைப் பார்த்து யாரும் அஞ்சப்போவதில்லை. ஆனால் ‘பங்கு வாங்கினாயா, பொறுப்பையும் வாங்கிக்கொள்’ என்ற தர்க்கம் காலணி வழக்கின் நுட்பங்களைவிட எளிமையானது, எடுபடக்கூடியது.

பெரிய தளங்களின் கதை இது. தமிழ்நாட்டில் நடக்கும் இணைய வணிகத்தின் இன்னொரு முகம் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸாப்பிலும் இருக்கிறது. இளம்பிள்ளைப் பட்டோ, சுங்குடியோ, படத்தைப் பார்த்து ‘புக்’ செய்து, யூபிஐயில் முழுத்தொகையையும் அனுப்பிவிட வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. பல விற்பனையாளர்களின் பக்கத்தில் இரண்டு நிபந்தனைகள் பளிச்சென்று இருக்கும்: ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்’, ‘அன்பாக்சிங் வீடியோ கட்டாயம்’. பார்சலை வெட்டுவதிலிருந்து புடவையை முழுதும் உதறிக் காட்டுவதுவரை இடைவெட்டில்லாமல் படம் பிடித்தால்தான் கிழிசலுக்கோ கறைக்கோ நியாயம் கேட்கலாம். ஒரு கையில் கத்தரிக்கோல், ஒரு கையில் கைபேசி. வீட்டில் இன்னொருவர் இல்லாவிட்டால் வழக்கு தோற்றது போலத்தான்.

சிரிப்பாக இருந்தாலும் இது மக்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு சாட்சியச் சட்டம். மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் வாங்குபவர் தலையில். நுகர்வோர் சட்டம் இதை ஏற்கவில்லை. அதன் 2(47)-ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகச் செயல். பக்கத்தின் முகப்பில் ‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதிவிட்டால் மட்டும் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பு தீர்ந்துவிடாது. 34-ஆம் பிரிவு வாங்குபவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க வழிசெய்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. இருந்தும் 900 ரூபாய்ப் புடவைக்காக ஆணையப் படி ஏறுபவர் எத்தனை பேர்? போன பணத்தைத் திரும்பப் பெறும் அலைச்சல், பணத்தைவிடப் பெரியது. உரிமைகள் கூடிக்கொண்டே போனாலும் நம்பிக்கை கூடாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

தனிவிவரத்துக்கும் இதே கணக்கு பொருந்துகிறது. பார்சல் ஒட்டுத்தாளில் பெயர், முகவரி, சில வேளை கைபேசி எண்ணும் இருக்கும். கிடங்கு, கூரியர் அலுவலகம், குப்பைத்தொட்டி என அது பலர் கண்ணில் படுகிறது. யாரும் ஆர்டர் செய்யாத பார்சல் ஒன்று, சரியான பெயருக்கும் முகவரிக்கும் கேஷ் ஆன் டெலிவரியாக வந்து நிற்கும் மோசடி இந்தக் கசிவின் பிள்ளை. வீட்டில் இருக்கும் முதியவர் ‘பிள்ளை ஏதோ போட்டிருப்பான்’ என்று பணத்தைக் கொடுத்துவிடுவார். அந்தரங்கம், நம்பிக்கை, சட்டம் என்று பாடநூல்கள் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துவைக்கும் மூன்றும் இந்த ஒரு பொட்டலத்தில் சேர்ந்து வருகின்றன.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? சம்மதம் சுதந்திரமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கெனவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்கிறது, நல்ல விதி. தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்கிறது. ஆனால் அந்தப் பணம் போவது இந்தியாவின் தொகுநிதிக்கு. விவரத்தை இழந்தவருக்கு இழப்பீடு என்று ஒரு பைசாவும் இச்சட்டத்தில் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு இடம் கொடுத்த 43ஏ பிரிவும், புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது நீங்கிவிடும். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், 2 கோடிப் பயனருக்கு மேல் உள்ள வணிகத்தளங்கள் மூன்றாண்டுகள் எட்டிப்பார்க்காதவரின் தரவை அழிக்க வேண்டும் என்கின்றன. மூன்றாண்டு என்பது, ஒருமுறை சார்ஜர் வாங்கியவரின் முகவரியைப் பத்திரப்படுத்த மிக நீண்ட காலம்.

ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத ஒரு வழி இன்னும் மிச்சமிருக்கிறது. நம்பிக்கையின்பேரில் நுகர்வோர் கொடுத்த தனிவிவரத்தைச் சட்டம் அனுமதிக்காத வகையில் பிறருக்கு வெளிப்படுத்துவதையும் நுகர்வோர் சட்டத்தின் அதே 2(47)-ஆம் பிரிவு முறையற்ற வணிகச் செயல் என்கிறது. நுகர்வோர் ஆணையத்தால் இழப்பீடு வழங்க முடியும். 43ஏ விட்டுச்செல்லும் இடத்தை இது ஓரளவு நிரப்பலாம். கசிந்தது யாரிடமிருந்து என்று மெய்ப்பிப்பது மட்டும் அன்பாக்சிங் வீடியோவைவிடக் கடினம்.

சம்மதத்தையோ அபராதத்தையோ நம்பாமல், அபாயத்தை இடம்மாற்றிய முயற்சிகள் இந்தியாவில் நடந்திருக்கின்றன. அவையே சிறப்பாகப் பலன் தந்தவை. 2022 அக்டோபர் 1 முதல் வணிகத்தளங்கள் அட்டை எண்ணைச் சேமித்துவைக்கக் கூடாது, பதிலுக்கு ஒரு ‘டோக்கன்’தான் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்தியது. தொழில்துறையின் முறையீடுகளால் கெடு தள்ளிப்போய்த்தான் அந்த நாள் வந்தது. தளத்திடம் இல்லாத எண்ணைத் தளத்திலிருந்து யாரும் திருட முடியாது. இந்தப் பாதுகாப்பு எந்தச் சம்மதப் படிவத்தையும் நம்பி நிற்கவில்லை. யூபிஐயிலும் அப்படியே. பழைய கட்டிலை விற்க விளம்பரம் கொடுத்தவரை அழைத்து, ‘பணம் அனுப்பியிருக்கிறேன், பின் நம்பரைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று ஏமாற்றுவது பணம் கேட்கும் ‘கலெக்ட்’ கோரிக்கையின் துணையோடு நடந்தது. பணம் பெற ‘பின்’ நம்பர் தேவையில்லை என்று ஆண்டுக்கணக்கில் விழிப்புணர்வு விளம்பரம் செய்த பிறகு, 2025 அக்டோபர் முதல் தனிநபர்களுக்கிடையே அந்த வசதியே நிறுத்தப்பட்டது. விளம்பரங்கள் சாதிக்காததை ஒரு பொத்தானை எடுத்தது சாதிக்கும்.

பணத்தை நடுவில் நிறுத்துவதும் புதிதல்ல. சீனாவின் தாவோபாவ் சந்தைக்காக 2003-இல் பிறந்த அலிபே, வாங்குபவர் பொருளைப் பெற்றேன் என்று உறுதிசெய்யும்வரை பணத்தைத் தன்னிடமே வைத்திருந்தது. முகம் தெரியாதவர்களின் வணிகம் அங்கே அந்தக் காத்திருப்பின் மேல்தான் எழுந்தது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல், பணம் திரட்டும் நிறுவனங்கள் அதை வங்கியில் எஸ்க்ரோ எனும் இடைக்காப்புக் கணக்கில் வைக்கச் சொன்னது. கொண்டுசேர்க்கும் பொறுப்பு விற்பவருடையது என்றால் பொருள் சேர்ந்த மறுநாளுக்குள் அவருக்குப் பணம் போய்விட வேண்டும் என்றது. திருப்பித்தரும் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கவும் இடமிருந்தது, அப்படி ஒப்பந்தம் இருந்தால் மட்டும். அந்த ஒப்பந்தம் விற்பவருக்கும் பணம் திரட்டுபவருக்கும் இடையிலானது. புடவை வாங்கியவர் அதில் ஒரு தரப்பே இல்லை. கேஷ் ஆன் டெலிவரியோ இந்த வழிகாட்டுதலின் வரம்புக்கே வெளியே இருந்தது. அந்த வசதிக்குத் தளங்கள் தனிக்கட்டணம் வாங்குவது ஏமாற்று வடிவமைப்பாகுமா என்று விசாரணை தொடங்கியிருப்பதாக 2025 அக்டோபரில் மத்திய நுகர்வோர் துறை அறிவித்தது. நம்பிக்கைக் குறைவுக்கு வாங்குபவரே கட்டணம் கட்டும் நிலை என்று அதைப் படிக்கலாம்.

விற்பவர் தரப்பும் லேசானதல்ல. உடுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பும் புடவை, பெட்டியில் மாற்றிவைக்கப்பட்ட பழைய செருப்பு, வாங்க மறுக்கப்பட்டு இருவழிக் கூலியோடு திரும்பும் பார்சல் என எல்லாம் அவர் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. வாரக் கூலி கொடுக்க வேண்டிய தறிக்காரரின் பணத்தை 30 நாள் முடக்கினால் தொழில் படுத்துவிடும். ஆகவே நிறுத்திவைக்கும் காலம் குறுகியதாக இருக்க வேண்டும்: பொருள் சேர்ந்த பின் இரண்டு நாள், புகார் வந்தால் அந்தத் தொகை மட்டும் தீர்வுவரை. விலை கூடிய கைபேசி போன்றவற்றுக்குச் சில தளங்கள் ஏற்கெனவே வாசலிலேயே பெட்டியைத் திறந்து காட்டித்தான் ஓ.டி.பி. கேட்கின்றன, சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தரும் உரிமை அங்கே தானாக நிறைவேறுகிறது. அதற்கு டெலிவரி பையனுக்கு ஒரு வீட்டில் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அந்த ஐந்து நிமிடத்தின் காசை யார் தருவது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும்.