வில்லைக்குப் பின்னால் இருந்த கைகள்

கிள்ளானில் பல்லாண்டுக் காலம் படப்பிடிப்பு நிலையம் நடத்தி மறைந்த பெரியவர் ஒருவரின் மகள், சென்ற ஆண்டு பழந்துணியில் சுற்றிய ஒரு பித்தளைக் குழலை என்னிடம் கொண்டுவந்து தந்தார். "ஐயா, கடைச் சாமான்களை எல்லாம் விற்றாயிற்று. இதை மட்டும் வாங்குவாரில்லை. கண் கெட்டுப் போய்விட்டதாம். பள்ளியில் பிள்ளைகளுக்காவது காட்டுங்கள்" என்றார். நான்கு அங்குல நீளம். கையில் எடுத்தால் படிக்கல்லின் கனம். பெருவடிவப் படக்கருவியின் முகப்பில் பொருத்தப்பெறும் வில்லைக்குழல் அது. லென்சு என்று நாம் பேச்சில் கூறுவது.

அக்குழலை நான் முன்பே அறிவேன். 1979-ஆம் ஆண்டில், கிள்ளானுக்கு அருகிலிருந்த தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் பயின்றபோது, எங்கள் வகுப்பைப் படமெடுக்க அப்பெரியவர் வந்தார். முக்காலியின்மேல் மரப்பெட்டி, அதன்மேல் கருந்துணி. துணிக்குள் தலையை விட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து, "மூச்சை அடக்கு!" என்று குரல் கொடுத்து, பித்தளைக் குழலின் மூடியைத் தொப்பி கழற்றுவதுபோல் கழற்றி, ஒன்று இரண்டு எண்ணி மீண்டும் மூடினார். பக்கத்தில் ஒரு பையன் பிலிம் வைத்த மரச்சட்டத்தை ஏந்தி நின்றான். அப்படம் இன்றும் என்னிடம் உள்ளது.

குழலில் 'ரேப்பிட் ரெக்டிலீனியர்' என்று பொறித்திருந்தது. 1866-ஆம் ஆண்டில் இலண்டனில் டால்மேயரும் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும், ஒருவரை ஒருவர் சாராமல், சில வார இடைவெளியில் ஒரே அமைப்பைக் கண்டனர். நடுவே ஒளி புகும் துளை. அதற்கு இருபுறமும் ஒத்த இரு வில்லை இணைகள். கட்டடங்களின் நேர்கோடுகள் வளையாமல் விழும் என்பது இதன் சிறப்பு. நிறம் பிரிந்து படம் மங்காதிருக்கத் தன்மை வேறான இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்து ஒவ்வோர் இணையையும் அமைப்பர். அவ்விரண்டையும் ஒட்டவைப்பது ஒரு மரத்தின் பிசின் என்றால் மாணவர் வியப்பர். வட அமெரிக்காவின் பால்சம் பிர் என்னும் ஊசியிலை மரத்தில் வடியும் அப்பிசினைக் கனடா பால்சம் என்பர். பால்மரத்தின் நிழலில் வளர்ந்த நமக்கு மரத்தின் கண்ணீர் தொழிற்பொருளாவது புதிதன்று. கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு திரும்பிவிடும். கண்ணாடியை ஒத்த ஒளிவிலகல் தன்மையுடைய இப்பிசின் இடையை நிரப்பிவிட்டால் அவ்விழப்பு ஏறக்குறைய இல்லையாகிறது.

பிசினுக்கும் வயது உண்டு. நாளடைவில் மஞ்சள் பாரிக்கும். காய்ந்து விளிம்பிலிருந்து பிரியும். பிரிந்த இடத்தில் எண்ணெய் மிதக்கும் நீரைப்போல வானவில் நிறங்கள் தோன்றும். நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும். என்னிடம் வந்த குழலுக்கு இவ்விரு நோயும் இருந்தன.

பழுது பார்ப்பவர் கோலாலம்பூரில் எவரேனும் உளரா என்று தேடி அலைந்து, இறுதியில் வீட்டு உணவு மேசையிலேயே அறுவைக்குத் துணிந்தேன். வில்லையை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தில் எதிரெதிரே இரு வெட்டுகள் இருக்கும். அவற்றில் முனைபதித்துத் திருக வேண்டும். அதற்குரிய கருவி என்னிடம் இல்லை. கணிதப் பெட்டியிலிருந்த கவராயத்தின் முனைகளை அராவிப் பயன்படுத்தினேன். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தும், மறுநாள் என் அவசரத்தால் முனை வழுக்கி வளையத்தில் கீறல் விழுந்தது. வருந்திக் குனிந்து பார்த்தேன். அவ்வளையத்தில் என் கீறலுக்கு முன்பே பழைய கீறல்கள் நான்கைந்து இருந்தன! வளையம் கழன்றபின் மற்றொன்றும் கண்டேன். இணையைப் பிரிக்குமுன் இரு கண்ணாடிகளின் விளிம்பையும் தொடுமாறு பென்சிலால் ஒரு கோடிட வேண்டும். மீண்டும் ஒட்டும்போது பழைய நிலையிலேயே பொருத்த அது துணை. நான் இட எண்ணிய இடத்திற்கு அருகில் அக்கோடு முன்பே இடப்பட்டிருந்தது. எவரோ ஒருவர் இதே வேலையை எனக்கு முன் செய்திருக்கிறார்.

யார் அவர்? குழலில் செய்தவன் பெயர் உண்டு. படத்தின் பின்புறம் கடையின் முத்திரை உண்டு. துடைத்தவன் பெயர் எங்கும் இல்லை. இவ்வெண்ணத்தோடு நம்மவரின் ஒளிப்பட வரலாற்றைப் புரட்டினேன்.

தமிழகத்தில் பெருவடிவப் படக்கலையின் முதற்பெருஞ்செயல் லின்னேயஸ் டிரைப்புடையது. 1856-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக அமர்த்தப்பட்ட இப்படைத்தலைவர், 1858-ஆம் ஆண்டில் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களில் ஏறத்தாழப் பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குல எதிர்ப்படத் தாள்களில் கோயில்களைப் பதிவு செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படச்சுருளாக்கினார். கல்வெட்டை மனிதன் கண்கொண்டு படியெடுத்த காலத்தில் ஒளியே படியெடுத்த அருஞ்செயல் இது. அடுத்த ஆண்டு ஆளுநராக வந்த டிரெவெலியன் இவ்வேலையை ஆடம்பரச் செலவு என்று நிறுத்தினார். கணக்கர் மனம் எக்காலத்தும் ஒன்றே! டிரைப்பின் உதவியாளராக இருந்தவர் சென்னைக் கலைத்தொழிற்பள்ளியைச் சேர்ந்த ஐயாசாமி. நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி பிரீக்ஸ் எழுதி 1873-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலுக்குப் படமெடுத்தவரும் அவரே. ஒரு தமிழ்க்கையின் பெயர் இவ்வாறு தப்பியது.

நம் நாட்டில் அவ்வாறு நிகழவில்லை. எடின்பரோவில் பிறந்த ஜான் தாம்சன் 1862-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து, பினாங்கிலும் அதன் எதிர்க்கரையிலும் ஏறத்தாழப் பத்து மாதம் தங்கிப் படமெடுத்தார். அது ஈரத்தகட்டுக் காலம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து உடனே கழுவ வேண்டும். நம் வெயிலில் ஈரம் எத்தனை நிமிடம் நிற்கும்? கூடாரம், தண்ணீர், புட்டிகள், கண்ணாடிகள் யாவும் படமெடுப்பவருடன் செல்ல வேண்டும். தனியொருவரால் இயலும் செயலன்று இது. கைபடாமல் உருவம் வரையும் இம்மாய வேலைக்குச் சீனர் உடன்பட மறுத்ததால், சென்னையிலிருந்து வந்த இருவரைத் தாம் பயிற்றுவித்துப் படி எடுப்போராகவும் உதவியாளராகவும் வைத்துக்கொண்டதாகத் தாம்சனே 1875-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூலில் எழுதியுள்ளார். மலாயாவின் தொடக்கக் கால ஒளிப்படங்களுள் சில தமிழகத்திலிருந்து வந்தோர் கைகளில் கழுவப்பெற்று உருப்பெற்றவை! ஆயின் அவ்விருவர் பெயரைத் தாம்சன் எழுதவில்லை. தாம் கடந்த ஆறுகளின் பெயரையும் ஏறிய மலைகளின் பெயரையும் எழுதியவர் அவர்.

பின்னர் 1867-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றிய லாம்பர்ட் நிறுவனம் கோலாலம்பூரிலும் கிளை கண்டது. 1880-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1886-ஆம் ஆண்டில் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இரயில் ஓடியது. அப்பாதையை ஒட்டியே பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேத் தமிழர் குடியேறினர். ஊருக்கு அனுப்பப் படம் வேண்டும். பெண் பார்க்கப் படம் வேண்டும். இறந்தவர் நினைவுக்குப் படம் வேண்டும். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பாட்டன் பாட்டியர் உருவங்கள் இத்தகைய பித்தளைக் குழல்களின் வழியே வந்தவை.

இனி என் மேசைக்கு வருவோம். பாத்திரத்தின் அடியில் துணி விரித்துத் தண்ணீர் ஊற்றி, வில்லை இணையை அதில் வைத்து, மெல்லிய தீயில் மிக மெதுவாகச் சூடேற்றினேன். அவசரப்பட்டால் கண்ணாடி வெடிக்கும். கொதிநிலையை நெருங்கியபோது பிசின் இளகியது. நெம்பாமல், இழுக்காமல், ஒன்றை மற்றொன்றின்மேல் வழுக்கிப் பிரித்தேன். ஆறியபின் டர்பென்டைன் கொண்டு பழம்பிசினைத் துடைத்தேன். வெளிப்பரப்பின் பூஞ்சணம் பெரும்பாலும் அகன்றது; ஓரத்தில் மட்டும் அது கண்ணாடியை அரித்த தழும்பு நின்றுவிட்டது. நுண்ணோக்கிச் சில்லுகளுக்கெனப் பரிசோதனைக்கூடப் பொருள் கடையில் விற்கும் கனடா பால்சத்தையே வாங்கி, குழிந்த பரப்பின் நடுவில் ஒரு துளி இட்டு, மற்றதை மெல்ல இறக்கிக் குமிழ்களை விளிம்புக்குத் தள்ளினேன். பின்னர் விளக்கின் பிரதிபலிப்பை அதில் பார்த்தவாறே இணையைச் சுழற்ற வேண்டும். பிரதிபலிப்பு ஆடாமல் நின்றால் இரண்டின் மையமும் ஒன்றியதாகப் பொருள். எனக்கு அது நிலைகொள்ள ஒரு மாலைப்பொழுது சென்றது. பழைய பென்சில் கோட்டின் இரு பாதிகளும் மீண்டும் ஒன்றாயின. மூன்று வாரம் அசையாமல் வைத்திருந்தேன். அருகில் வறுத்த அரிசிப் பொட்டலம் வைத்தது என் துணைவியார் யோசனை.

குழலைச் சன்னலுக்கு நேரே பிடித்து, எதிரே மெழுகுத்தாளை நீட்டினேன். எதிர்வீட்டுக் கூரையும் மாமரமும் தலைகீழாக, இலை இலையாகத் தெரிந்தன.

செய்தி கேட்டு அப்பெரியவரின் மகள் பார்க்க வந்தார். 1979-ஆம் ஆண்டுப் படத்தை அவரிடம் காட்டி, மரச்சட்டம் ஏந்தி நின்ற பையனைப் பற்றிக் கேட்டேன். படத்தில் அவன் இல்லை. படத்திற்கு இப்புறம் நின்றவன்.

"அந்த அண்ணனா? பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புப் பையன். காலை இரயிலில் வந்து இரவு இரயிலில் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் லென்சுகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது அவர் வேலை. அப்பாவுக்குக் கை நடுங்கும், இவரைத்தான் நம்புவார்."

"பெயர் என்னம்மா?"

அவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். "தம்பி என்றுதான் அப்பா கூப்பிடுவார், ஐயா."