லோனும் 'சாங்ஷன்', ரஷ்யா மீதும் 'சாங்ஷன்'! ஒரே சொல்லுக்கு நேர் எதிர் அர்த்தம் ஏன்?

"சார், உங்க லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்று பேங்கில் இருந்து போன் வந்தால் சந்தோஷம். ஆனால், "ரஷ்ய நிறுவனங்களை அமெரிக்கா சாங்ஷன் செய்தது" என்று செய்தி வந்தால், அந்த நிறுவனங்கள் மீது தடை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதெப்படி ஒரே சொல் ஒப்புதலாகவும் தடையாகவும் இருக்க முடியும்?

லத்தீனில் 'சாங்கிரே' என்றால் புனிதமாக்குவது, மீற முடியாதபடி ஆணையிடுவது. 'செயின்ட்' என்ற சொல்லுக்கும் இதுதான் வேர். சட்டம் ஒன்றை அங்கீகரிக்கும், மீறினால் தண்டிக்கும். ரெண்டு வேலைக்கும் சாங்ஷன் என்றே பெயர் வந்துவிட்டது. ஆனால், 'தண்டி' என்ற பொருளில் இது வினைச்சொல்லாகப் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான். குவைத்துக்குள் நுழைந்த ஈராக் மீது 1990 ஆகஸ்டில் ஐ.நா. விதித்ததும், பொக்ரான் அணுகுண்டு சோதனைக்காக 1998ல் இந்தியா மீது அமெரிக்கா விதித்ததும் இந்த வகை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

'யாரை', 'எதை' என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். லோன், லீவு, திட்டம், பணியிடம் என்றால் ஒப்புதல். சென்னை உயர் நீதிமன்றத்தின் 'சாங்ஷன்ட் ஸ்ட்ரென்த்' 75 என்றால், 75 நீதிபதி பணியிடங்களுக்கு ஒப்புதல் இருக்கிறது என்று பொருள். நாடு, கம்பெனி, ஆள் என்றால் தடை அல்லது தண்டனை. 'கோர்ட் சாங்ஷன்ட் தி லாயர்' என்றால் வக்கீலுக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்திருக்கிறது. பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்தால் பெரும்பாலும் தடைதான்.

குழப்பும் இடம் ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19வது பிரிவுப்படி, அரசு ஊழியர் மீதான வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க முன் அனுமதி தேவை. அதுவும் சாங்ஷன்தான். "அதிகாரிக்கு எதிராக சாங்ஷன்" என்று படித்ததும் தண்டனையே கொடுத்துவிட்டார்கள் என நினைக்க வேண்டாம். வழக்கு நடத்த ஒப்புதல் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

லோன் விஷயத்திலும் கவனம் தேவை. சாங்ஷன் லெட்டர் வந்தாலே பணம் வந்த மாதிரி என்று நம்பி, வீட்டுக்குப் பெரிய தொகையை அட்வான்ஸாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த லெட்டர் நிபந்தனைகளோடு வரும் ஒப்புதல் மட்டுமே. பத்திரங்களைச் சரிபார்த்து, சொத்தை மதிப்பிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பணத்தை விடுவிப்பார்கள். அதற்குப் பெயர் 'டிஸ்பர்ஸ்மென்ட்'. பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் அது நின்றுபோகலாம். லெட்டரில் கெடு தேதியும் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டி வரலாம்.