ஒரு லோகோவும் நம்மூர் ராஜம் ஐயரும்



நம் நகரின் கடைசித் தெருவில், ஒரு மாடிப் போர்ஷனில் யோகா வகுப்பு தொடங்கியிருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது, சுருட்டிய பாயோடு நாலைந்து பெண்கள் மாடியேறுவதைப் பார்த்திருப்பீர்கள். வகுப்பு நடத்துகிற பெண் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். பலகைக்கு ஒரு லோகோ வரைந்து வாங்கியிருந்தார். மலை, சூரியன், ஆலமரம், ஓம், தாமரை, நடுவில் தியானத்தில் ஒரு பெண் உருவம், அதைச் சுற்றி இரண்டு கைகள். "யாராவது அர்த்தம் கேட்டா என்ன சார் சொல்றது? இதைப் பார்த்துட்டு எதிர்வீட்டு அக்கா, நாங்கள்லாம் வரலாமான்னு வேற கேக்குறாங்க" என்றார்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்தபோது, கிட்டத்தட்ட இதே கேள்வி 1896-லேயே எழுந்திருப்பது தெரிந்தது. அதில் சம்பந்தப்பட்டவர் நம் வத்தலக்குண்டுக்காரர்.

சுப்பிரமணிய சிவா, பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா என்று நம்மூர்ப் பெருமையை அடுக்கும்போது பி.ஆர். ராஜம் ஐயரையும் சேர்த்துச் சொல்வோம். 1872-ல் இங்கே பிறந்தவர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதியவர். அதோடு நிறுத்திக்கொள்வோம், நானும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன். சென்னையில் விவேகானந்தரின் அன்பர்கள் 1896 ஜூலையில் 'பிரபுத்த பாரதம்' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கியபோது, அதன் முதல் ஆசிரியராக இருந்தவர் இவர்தான். அப்போது வயது இருபத்து நாலு.

பிரபுத்தம் என்றால் விழித்தெழுந்தது. அந்த விழிப்பைக் காட்ட இதழின் அட்டையில் ஆலமரம், மலை, ஒரு முனிவர், போதாக்குறைக்கு ஒரு ஐரோப்பியத் தம்பதி என்று எல்லாவற்றையும் போட்டிருந்தார்கள். இங்கிலாந்தில் இருந்த விவேகானந்தருக்கு இதழ் போய்ச் சேர்ந்தது. ஜூலை 14 தேதியிட்டு மயிலாப்பூர் டாக்டர் நஞ்சுண்ட ராவுக்கு அவர் கடிதம் எழுதினார். இதழ் திருப்தி என்றவர், அட்டையை மட்டும் தயவுதாட்சண்யம் இல்லாமல் சாடிவிட்டார். ஆலமரமோ மலையோ முனிவரோ விழிப்பைக் குறிக்காது, மனித உருவமே வேண்டாம், எளிமையாக, குறிப்பாக உணர்த்துவதாக இருக்கட்டும் என்பது அவர் வாதம். தாமரை புத்துயிருக்கு அடையாளம் என்பதை ஏற்றுக்கொண்டார். காட்டில் வசந்தம் வந்து இலையும் மொட்டும் திரும்ப வருகிற சின்னக் காட்சி போதும் என்று யோசனையும் சொன்னார். கோடை மழை பெய்த மறுவாரம் காட்ரோடு தாண்டி மலையேறியவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

குறை சொன்னதோடு அவர் நிற்கவில்லை. ராமகிருஷ்ண மடத்தின் சின்னத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது விவேகானந்தரே அமைத்தது. 1900 ஜூலை 24-ல் ஜோசபின் மெக்லவுட் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில், பேரேட்டில் பற்று வரவு எழுதுவதுபோல ஒவ்வொன்றுக்கும் நேராகப் பொருளை எழுதியிருக்கிறார். அலையடிக்கும் நீர் கர்மம். தாமரை பக்தி. உதிக்கும் சூரியன் ஞானம். சுற்றி வளைத்த பாம்பு யோகம். நடுவிலுள்ள அன்னம் ஆன்மா. வேலை, அன்பு, அறிவு, யோகப் பயிற்சி ஆகிய நான்கும் சேரும்போது அன்னம் தெரியும் என்பது கணக்கு. ஐந்து உருப்படி இருந்தாலும் எதுவும் சும்மா இல்லை. ஒன்றை எடுத்துவிட்டால் கணக்கு உதைக்கும்.

யோகத்துக்கு ஏன் பாம்பு? முதுகுத்தண்டின் அடியில் சுருண்டு உறங்கும் குண்டலினி சக்தியைப் பாம்பாகச் சொல்வது நம் சித்தர் மரபு. பயிற்சியால் அது எழுகிறது. யோக சூத்திரம் தந்த பதஞ்சலியே ஆதிசேஷனின் அவதாரம் என்பார்கள். சிதம்பரம் போனவர்கள் இடுப்புக்குக் கீழே பாம்பு உடலோடு அவரைப் பார்த்திருக்கலாம். அன்னத்துக்கும் யோகத்தோடு உறவு உண்டு. பாலையும் நீரையும் பிரிப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு மேல், உள்ளே போய் வெளியே வரும் மூச்சின் ஓசையே 'ஹம்ஸ' என்று யோக நூல்கள் சொல்கின்றன. ஹம்ஸம் என்றால் அன்னம். மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

தாமரை என்றதும் சிலருக்குத் தேர்தல் ஞாபகம் வரும். நான் சொல்வது 1900-த்துத் தாமரை.

இந்தச் சின்னத்தைப் பார்க்க ராஜம் ஐயர் இல்லை. 1898 மே 13-ல், இருபத்தாறு வயதில் காலமானார். இரண்டு வருஷம்கூட முழுதாக ஆசிரியராக இருக்கவில்லை. அவர் போனதும் இதழ் நின்றது. பிறகு அதே ஆகஸ்டில் அல்மோராவிலிருந்து மறுபடி வரத் தொடங்கி, அடுத்த வருஷம் மாயாவதி ஆசிரமத்துக்குப் போய், இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. அவர் எழுதிய கட்டுரைகள் 1905-ல் 'ராம்பிள்ஸ் இன் வேதாந்தா' என்ற புத்தகமாயின. நம் ஊர்க்காரர் ஆரம்பித்து வைத்த இதழ் நூற்று இருபத்தைந்து வருஷத்தையும் தாண்டி ஓடுகிறது, நம் தெருவில் நான் விசாரித்த பத்துப் பேரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பணி ஓய்வுக்குப் பிறகுதானே எனக்கே தெரிந்தது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் சொல்லிக்கொடுக்கிறது எதுவோ அதை மட்டும் போட்டா போதும், இல்லையா சார்?" என்றார். மலையும் மரமும் ஓமும் கைகளும் போயின. வரைந்தவருக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

ஆடி கழிந்ததும் பலகை மாட்டுகிறார்கள். கீழே மூன்று அலை, மேலே ஒரு தாமரை, அவ்வளவுதான். எதிர்வீட்டு அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டாராம்.