ஒரே நாள், ஒரே பனி, ரெண்டு பந்தயம்

குளிர்னு சொன்னா நமக்கு எவ்வளவு தெரியும்? சரி, ஒரு சுலபமான கணக்கு. வீட்டு ஃப்ரிட்ஜில் மேலே இருக்கே ஃப்ரீசர், ஐஸ்க்ரீம் வைக்கிற இடம், அதை வழக்கமா மைனஸ் 18 டிகிரியில் வைக்கச் சொல்வாங்க. அந்த ஃப்ரீசருக்குள்ளே ஒரு பலமான காத்தாடியைப் போட்டுவிட்டு, காலையிலிருந்து நள்ளிரவு வரைக்கும் 200 கிலோமீட்டர் போகணும்னா எப்படி இருக்கும்? 1963 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை, நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் பத்தாயிரம் பேர் அதைத்தான் செய்யக் கிளம்பினாங்க. அதுவும் காசு கட்டி, ஆசையா, விடியறதுக்கு முன்னாடி எழுந்து!

பந்தயத்தோட பெயர் எல்ஃப்ஸ்டேடன்டாக்ட். வாயில் நுழையலைன்னா கவலைப்படாதீங்க, 'பதினோரு ஊர்ப் பயணம்'னு வச்சுக்கலாம். ஃப்ரீஸ்லாந்து முழுக்க கால்வாயும் ஏரியுமா இருக்கிற தாழ்நிலம். குளிர் பலமா அடிச்சா எல்லாம் உறைஞ்சு ஒரே சாலை மாதிரி ஆயிடும். அந்தப் பனி மேலே ஸ்கேட் கட்டிக்கிட்டு லேவார்டனில் ஆரம்பிச்சு ஸ்நேக், ஐல்ஸ்ட், ஸ்லோட்டன், ஸ்டாவோரன், ஹிண்டலோப்பன், வொர்க்கம், போல்ஸ்வார்ட், ஹார்லிங்கன், ஃப்ரானேகர், டொக்கம்னு பத்து ஊரைத் தொட்டுட்டு மறுபடி லேவார்டனுக்கே வரணும். ஒவ்வொரு ஊரிலும் கையில இருக்கிற அட்டையில முத்திரை குத்திக்கணும். வழியில ரகசியச் சாவடிகளும் உண்டு, குறுக்கு வழியில் புகுந்து வர்றவங்களைப் பிடிக்க. (மனுஷன் எங்கேயும் மனுஷன்தான்.)

1890-ல் பிம் முலியர்னு ஒருத்தர் இந்த ஊர்களை ஒரே நாளில் சுத்தி வந்தார். ஹாலந்தில் கால்பந்தைப் பரப்பினதும் இதே ஆள்தான். 1909 ஜனவரி 2-ல் முதல் அதிகாரபூர்வமான பந்தயம் நடந்தது. அதிலிருந்து 1997 வரைக்கும் மொத்தமே 15 தடவைதான் நடந்திருக்கு. காரணம் எளிது. 200 கிலோமீட்டர் நெடுக 15 சென்டிமீட்டராவது கனமான பனி இருக்கணும். எல்லாக் குளிர்காலமும் அந்த வரம் தராது.

இப்போ தலைப்புக்கு வர்றேன். வெளியில இருந்து பார்த்தா இது ஒரு பந்தயம். உள்ளே போய்ப் பார்த்தா ரெண்டு. ஒண்ணு நிஜப் போட்டி: சில நூறு பேர், யார் முதல்ல வர்றதுங்கறதுதான் கேள்வி. இன்னொண்ணு பயணம்: ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்க, விவசாயி, குமாஸ்தா, வாத்தியார், மாணவன். இவங்களுக்கு எதிராளி கிடையாது, கடிகாரம்தான் எதிராளி. நள்ளிரவுக்குள்ள எல்லா முத்திரையோடவும் வந்து சேரணும், அவ்வளவுதான். சேர்ந்தா ஒரு சின்ன சிலுவைப் பதக்கம். ஆளைத் தூக்கிவிடற மாதிரி பரிசுப் பணமெல்லாம் இல்லை. ஆனா அந்தச் சிலுவையைப் பேரன் பேத்தி வரைக்கும் காட்டுவாங்க.

ரெண்டும் ஒரே நாளில், ஒரே பனியில் நடக்கும். போட்டிக்காரங்க முதல்ல கிளம்புவாங்க, பின்னாலேயே மத்தவங்க.

இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டதும் உண்டு. 1940-ல் முன்னணியில் இருந்த அஞ்சு பேர் டொக்கத்தில் கூடிப் பேசி, 'போட்டி வேணாம், சேர்ந்தே போய்ச் சேர்வோம்'னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. கடைசியில எல்லைக்கோட்டுக்கிட்ட கொஞ்சம் குளறுபடி ஆனாலும், அஞ்சு பேருமே வெற்றியாளர்னு அறிவிச்சாங்க. சங்கத்துக்காரங்களுக்கு இது ரசிக்கலை. 1956-ல் இன்னொரு அஞ்சு பேர் அதே மாதிரி சேர்ந்தே கோட்டைத் தாண்டினப்போ, இந்தத் தடவை யாருக்கும் முதலிடம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. பட்டியலில் அந்த வருஷத்துக்கு வெற்றியாளரே இல்லை. என்னைக் கேட்டா, அந்தப் பத்துப் பேரும் தாங்கள் போட்டியில் இருக்கோம்ங்கறதை மறந்து பயணத்தில் சேர்ந்துட்டாங்க. அத்தனை தூரம் ஒண்ணா வந்தவனை கடைசி நூறு மீட்டரில் முந்தறது என்ன பெரிய சாமர்த்தியம்னு தோணியிருக்கும்.

1963-ல் அந்தப் பிரச்னையே வரலை. சேர்ந்து போறதுக்கு யாரும் மிச்சம் இல்லை.

அந்தக் குளிர்காலம் ஐரோப்பாவுக்கே பெரிய அடி. நெதர்லாந்தில் இருபதாம் நூற்றாண்டின் மிகக் கடுமையான குளிர்காலம் அதுதான். ஐசல்மேர் ஏரி மேலே ஜனங்க கார் ஓட்டிப் போனாங்கன்னா பார்த்துக்குங்க. அதனால பனியோட கனத்துக்குப் பஞ்சமே இல்லை. பிரச்னை தரத்தில்தான். மேலே தூள் பனி கொட்டிக் கிடந்தது. காத்து அதை வாரி வாரி இறைச்சுது. அடியில எங்கே வெடிப்பு இருக்குன்னு தெரியாது. ஸ்கேட்டோட கத்தி அந்த வெடிப்பில் மாட்டினா ஆள் குப்புற விழ வேண்டியதுதான். பாலத்துக்கு அடியிலெல்லாம் பனி நம்பகமா இருக்காதுங்கறதால, கரையேறி ஸ்கேட்டோடவே தத்தித் தத்தி நடந்து மறுபடி இறங்கணும். இதுக்குன்னே அவங்க மொழியில 'க்ளூனன்'னு தனியா ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. அப்போ எத்தனை சகஜம்னு பாருங்க.

கிளம்பும்போது மைனஸ் 18. காத்து வடகிழக்கிலிருந்து.

இந்தக் காத்து விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாப் பார்க்கணும், கதையோட முடிச்சே இதுதான். வரைபடத்தை எடுத்து வச்சுக்குங்க. லேவார்டனிலிருந்து ஸ்டாவோரன் வரைக்கும் பாதை தென்மேற்கே இறங்குது. அதாவது முதல் பகுதியில காத்து முதுகில்! தள்ளிவிடுது. குளிர் கூட அவ்வளவாத் தெரியாது, ஏன்னா காத்தோடு சேர்ந்து நீங்களும் போறீங்க. 'அட, இவ்வளவுதானா'ன்னு நினைச்சிருப்பாங்க. அப்புறம் பாதை வடக்கே திரும்புது. ஹார்லிங்கன் தாண்டினதும் கிழக்கே. அங்கிருந்து காத்து நேர் மூஞ்சியில. உங்க வேகமும் காத்தோட வேகமும் இப்போ கூட்டல் கணக்கு. உடம்போ ஏற்கனவே நூறு கிலோமீட்டர் களைச்சுப் போயிருக்கு. உள்ளே போட்ட கம்பளி வியர்வையில் நனைஞ்சிருக்கு. அந்த ஈரம் அப்படியே உறையும். இமை ஒட்டிக்கும்.

இது போதாதுன்னு பார்ட்லஹீம். சின்னக் கிராமம், ஒரு பாலம், அவ்வளவுதான். ஆனா அங்கே வந்து சேர்றவனுக்குத் தெரியும், லேவார்டன் இங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அப்படியே திரும்பினா வீடு. விதி என்ன சொல்லுதுன்னா, முதல்ல காத்துக்கு எதிரே டொக்கத்துக்குப் போ, முத்திரை குத்திக்கோ, அதே வழியா திரும்பி இதே பாலத்துக்கு வா, அப்புறம்தான் லேவார்டன். முன்னாடி போய்த் திரும்பி வர்றவங்க முகத்தை எதிரே பார்த்துக்கிட்டே போகணும். இந்தப் பாதையை வகுத்தவருக்குக் கொஞ்சம் குரூர புத்தி இருந்திருக்கணும் :-)

போட்டியில் என்ன ஆச்சு? ரைனியர் பாப்பிங்னு 31 வயசுக்காரர், ஏறத்தாழ பாதித் தூரத்தில் கூட்டத்தைப் பிரிஞ்சு தனியாப் போயிட்டார். அப்படிப்பட்ட நாளில் தனியாப் போறது பைத்தியக்காரத்தனம். கூட்டத்தோட போனா ஆளுக்கு ஆள் காத்தை மறைச்சுக்கலாம். இவர் மறைப்பே இல்லாமல் சுமார் நூறு கிலோமீட்டர் போனார். கடைசியில பனிவெளிச்சத்தில் கண் பாதி தெரியாமல் போய், எல்லைக்கோடு எங்கேன்னு தடுமாறித்தான் வந்து சேர்ந்தார். 10 மணி 59 நிமிஷம். ராணி யூலியானா அங்கே வந்திருந்தார். இரண்டாவதா யான் அவுட்ஹாம், மூணாவதா யேன் வான் டென் பெர்க், இவங்க வர 22 நிமிஷம் ஆச்சு.

இந்த வான் டென் பெர்க்தான் 1954-ல் 7 மணி 35 நிமிஷத்தில் ஜெயிச்சவர். ஒன்பது வருஷத்தில் மனுஷன் அவ்வளவு தளர்ந்து போகலை. நாள்தான் அப்படி. 1985-ல் ஜெயிச்சவர் ஏழு மணி நேரத்துக்குள்ளேயே முடிச்சுட்டார்.

போட்டியில் கிளம்பினவங்க 568 பேர். வந்து சேர்ந்தவங்க அறுபது பேர் கூட இல்லை. பத்துக்கு ஒண்ணு.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. பாப்பிங் பேர் ஹாலந்தில் இன்னிக்கும் குழந்தைக்குக் கூடத் தெரியும்பாங்க. எனக்கு மனசில நிக்கறது ரெண்டாவது பந்தயத்தோட கணக்குதான். கிளம்பினவங்க 9,294. நள்ளிரவுக்குள்ள எல்லா முத்திரையோடவும் வந்து சேர்ந்தவங்க 69. அச்சுப் பிழை இல்லைங்க, அறுபத்தொன்பது பேர்தான். நூத்தி முப்பத்தஞ்சு பேர் கிளம்பினா ஒருத்தர் வந்து சேர்ந்தார்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பயிற்சி, ஸ்கேட்டோட தரம், இதெல்லாம் இருக்கத்தான் செய்யுது. போட்டிக்காரங்க காலில் ஷூவோடு சேர்ந்த எஃகு ஸ்கேட். ஜனங்களில் நிறையப் பேர் வீட்டில இருந்த பழைய மரக்கட்டை ஸ்கேட்டைத் தோல் வாரால ஷூவில் இறுக்கிக் கட்டிக்கிட்டு வந்தவங்க. வார் இறுக்கமா இருந்தா ரத்தம் ஓடாது, விரல் உறையும். தளர்ந்தா ஸ்கேட் கழண்டுக்கும். அதைச் சரிபண்ணணும்னா கையுறையைக் கழட்டணும். மைனஸ் 18-ல்!

ஆனா முக்கியமான காரணம் வேற. மெதுவாப் போறவன் குளிரில் அதிக நேரம் இருக்கான். ஜனவரி மாசத்தில் அந்த ஊரில் பகல் எட்டு மணி நேரம்தான். காலை எட்டரைக்கு மேல வர்ற சூரியன் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போயிடும். பாப்பிங் முடிச்சப்போ வெளிச்சம் இருந்தது. அவருக்கப்புறம் வந்தவங்களுக்கு, அதுவும் பின்னால கிளம்பின ஜனங்களுக்கு, பாதையோட மோசமான பாதி, காத்து மூஞ்சியில அடிக்கிற அந்தப் பாதி, முழுக்க இருட்டில். முன்னாடி போனவங்க ஸ்கேட் கீறின பனி, அதுக்கு மேல புதுசா குவியற தூள், வெடிப்பு தெரியாது, பாதை தெரியாது. பலசாலிக்கு 11 மணி நேரத் தண்டனை, பலவீனனுக்கு 16 மணி நேரம். மாரத்தானில் கடைசியா வர்றவனுக்கு அனுதாபக் கைத்தட்டல் கொடுப்போமில்ல? நியாயமாப் பார்த்தா அவன்தான் அதிக நேரம் ஓடியிருக்கான். அன்னிக்கு ஃப்ரீஸ்லாந்தில் இந்த நியாயம் தெளிவாவே தெரிஞ்சுது.

வந்து சேராத ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் என்ன ஆனாங்க? பெரும்பாலும் வழியில எங்கேயோ கரையேறினாங்க. கை, கால், காது, கண்ணுன்னு உறைஞ்சவங்க, விழுந்து எலும்பு முறிஞ்சவங்க, சும்மாவே 'போதும்டா சாமி'ன்னு நின்னவங்க. கரையேறினது கோழைத்தனம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. 1929-ல் இதே மாதிரி கொடுங்குளிரில் ஜெயிச்ச கார்ஸ்ட் லேம்பர்க், ஜெயிச்சதுக்கு விலையா உறைஞ்சு போன கால் விரலை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. ஒரு முத்திரைக்காக விரலைக் கொடுக்கலாமாங்கறது அவங்கவங்க தீர்மானிக்க வேண்டிய கணக்கு. அன்னிக்கு ஒன்பதாயிரம் பேர் அதைச் சரியாத்தான் போட்டாங்கன்னு நினைக்கிறேன்.

அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டிய சுதந்திரம் எல்லாருக்கும் ரெண்டு பந்தயத்திலும் இல்லைங்கறதையும் சொல்லணும். பயணத்தில் பெண்கள் ரொம்பக் காலமாவே உண்டு, 1912-லேயே யிக்க காஸ்ட்ரான்னு ஒரு பெண்மணி முழுத் தூரத்தையும் முடிச்சிருக்கார். போட்டியில் கலந்துக்க பெண்களுக்கு 1985 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. 200 கிலோமீட்டரை நள்ளிரவு வரை ஓட்டலாம், ஆனா வேகமா ஓட்டக் கூடாது! என்ன லாஜிக்கோ.

1963-க்கப்புறம் பனி ஏமாத்திடுச்சு. அடுத்த பந்தயம் நடந்தது 1985 பிப்ரவரியில்தான். 22 நிமிஷ வித்தியாசத்தில் ஜெயிச்ச பாப்பிங், 22 வருஷம் 'கடைசியா ஜெயிச்சவர்'ங்கற பட்டத்தோட இருந்தார். 85-லும் 86-லும் எவெர்ட் வான் பெந்தம்ங்கற பால்பண்ணை விவசாயி ஜெயிச்சார். 86-ல் ரெண்டாவது பந்தயத்தில், அதாவது ஜனங்களோட பயணத்தில், 'வான் பியூரன்'ங்கற பேரில் ஒரு பையன் ஓடினான். அவன்தான் இன்னிக்கு அந்த நாட்டு ராஜா, வில்லெம் அலெக்சாண்டர். இளவரசனா இருந்தும் அவர் தேர்ந்தெடுத்தது இந்தப் பந்தயத்தை. அவருக்கும் மத்தவங்களுக்குக் கொடுத்த அதே சிலுவைதான்.

1997 ஜனவரி 4-ல் ஹென்க் ஆங்கெனென்ட், முட்டைக்கோஸ் வகைப் பயிர் போடற விவசாயி, ஜெயிச்சார். அதுக்கப்புறம் இன்னும் நடக்கலை. 2012 பிப்ரவரியில் கைக்கெட்டற தூரம் வந்து, தெற்குப் பக்கம் பனி போதாதுன்னு கைவிட்டுட்டாங்க. பொறுக்க முடியாதவங்க 1989-லிருந்து ஆஸ்திரியாவில் வைசென்சே ஏரிக்குப் போய் அதே 200 கிலோமீட்டரை வட்டமடிச்சு முடிக்கிறாங்க. மார்ட்டன் வான் டெர் வைடன்னு ஒரு ஒலிம்பிக் நீச்சல் வீரர், ரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைச்சவர், பனி வரலைன்னா என்னன்னு 2019 ஜூனில் பதினோரு ஊரையும் கால்வாயில் நீந்தியே சுத்திட்டார். அதுக்கு முந்தின வருஷம் 163 கிலோமீட்டரில் நின்னு போனதைத் திரும்ப வந்து முடிச்சார்.

பாப்பிங் 2021 டிசம்பரில் 90 வயசில் காலமானார். 1963 பத்தி 2009-ல் ஒரு சினிமா வந்தது. '63-ன் நரகம்'னு அர்த்தம் வர்ற பேர். பாப்பிங் மாதிரி ஒரு கதாநாயகன் கையில இருந்தும் படம் அவரைச் சுத்திப் போகலை. கூட்டத்தில் ஓடற சாதாரண ஆட்கள் சிலரைக் கற்பனையா உருவாக்கி, ரெண்டாவது பந்தயத்தைத்தான் எடுத்திருக்காங்க.