கலைத்திட்டத் தலைமையும் ஆசிரியர் பயிற்சியும்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எதனை, எவ்வரிசையில், எந்நோக்குடன் கற்பிப்பது என்று நிர்ணயித்து, அந்நிர்ணயம் வகுப்பறையில் நடைமுறைக்கு வரும்வரை உடனிருந்து நடத்தும் பொறுப்பே கலைத்திட்டத் தலைமை எனப்படும்.

இந்தியாவில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக நீட்டித்து, தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கும் இடம் வகுத்தன. எனினும் ஏட்டில் உள்ளது மாணவ ஆசிரியரின் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் முதல்வரையும் பாட முறையியல் பேராசிரியர்களையும் பொறுத்ததே. கணினியைத் தனிப்பாடமாக மட்டும் போதிக்குமிடத்தில் மாணவர் மென்பொருள்களின் பெயர்களை மனனம் செய்வதோடு நின்றுவிடுவது பரிதாபமே. கணிதப் பேராசிரியர் தாமே ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளில் முக்கோணத்தின் ஓர் உச்சியை இழுத்து, வடிவம் மாறமாறக் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையாகவே நிலைப்பதைக் காட்டி, பின்னர் சிறு குழுவுக்குச் சுருக்கமாகக் கற்பித்துப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் மாணவரையே அதனை நடத்தச் செய்வாராயின், திரை எப்பொழுது வேண்டும், கரும்பலகையே எப்பொழுது போதும் என்னும் விவேகம் அவர்களிடம் உதயமாகும். பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றின் சங்கமமாக கல்வி ஆய்வாளர்களான மிஸ்ரா, கோலர் ஆகிய இருவரும் 2006இல் விளக்கியது இவ்விவேகத்தையே.

தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டிருப்பதால், அவற்றின் உபயோகத்தைப் பாடக்குறிப்பு மதிப்பீட்டில் சேர்ப்பது, புதிய கருவி எதனையும் வாங்காமலேயே கல்லூரித் தலைமை உடனே செய்யத்தக்க காரியமாகும்.