பெண்ணுரிமைச் சட்டங்களும் நம் சேரி வாசலும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், நம் இளைஞரும் நம் பெண்மக்களும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அது மன்னர்களின் போர் வரலாறு அன்று. சட்டப் புத்தகத்தின் வரலாறு. சென்ற நூறாண்டுகளில் பெண்களுக்கென இயற்றப்பெற்ற சட்டங்கள் யார் வாசலில் வந்து நின்றன, யார் வாசலைக் கடந்து சென்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாய்மையும் உழைப்பும்

1928-ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்ற மேலவையில் மகப்பேற்று நல மசோதா விவாதத்திற்கு வந்தபோது, அண்ணல் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலனே என்பது அவர் வாதம். மறு ஆண்டு அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்திலும் 1934-இல் அத்தகைய சட்டம் வந்தது. ஆயினும் இவை தொழிற்சாலைப் பெண்களுக்கே உரியவையாக இருந்தன. வீராணம் ஏரி நீர் பாயும் வயல்களில் நாற்று நட்ட நம் பாட்டிமார்களின் பெயர் எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே சட்டத்தின் கணக்கிலும் அவர்கள் இல்லை. பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்தும் உரிமை பெண்ணுக்கு வேண்டும் என்னும் கருத்தை 1938-இல் அண்ணலின் கட்சியினர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எழுப்பினர்; அது தோற்கடிக்கப்பட்டது. கருக்கலைப்பைச் சில வரையறைகளுக்குட்பட்டு அனுமதிக்கும் மத்தியச் சட்டம் 1971-இல்தான் பிறந்தது. ஏழைத் தாய்மார்க்கு மகப்பேற்று உதவித்தொகை தரும் தமிழக அரசின் திட்டம் 1987-இல் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் தாங்கிய அத்திட்டமே வயல்வேலைப் பெண்களின் குடிசை வரை வந்து சேர்ந்தது.

திருமணமும் சொத்தும்

அம்மையாரின் நெடுநாள் முயற்சியால் 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1949-இல் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1967-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லும் என்றாயிற்று. 1989-இல் தமிழகம் மகளுக்கும் மூதாதையர் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு உண்டெனச் சட்டம் செய்தது. மத்திய அரசு இதனைச் செய்தது 2005-இல்தான்.

இவை யாவும் பெருமைக்குரியவையே. ஆனால் பங்கு பிரிக்க நிலம் வேண்டுமன்றோ? குடியிருப்பு மனைக்கே பட்டா இல்லாத குடும்பத்தில் பிறந்த மகளுக்குச் சொத்துச் சட்டம் எதைத் தரும்? நம் பெண்கள் வேண்டி நின்றது, முதற்கண் தம் உடலின் மானத்திற்குக் காவல்.

உடலின் மானம்

1972-இல் மராட்டிய மாநிலத்தில் மதுரா என்னும் பழங்குடிப் பெண் காவல் நிலையத்தில் காவலரால் சிதைக்கப்பட்டாள். உச்ச நீதிமன்றம் 1978-இல் காவலரை விடுவித்தது. நாடெங்கும் மாதர் கொதித்தெழுந்தனர். 1983-இல் பாலியல் வன்கொடுமைச் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் உள்ள பெண் தான் இசையவில்லை எனச் சாட்சியம் கூறின், நீதிமன்றம் அதனையே உண்மையெனக் கொண்டு தொடங்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது.

சட்டம் மாறினும் நிலை உடனே மாறவில்லை. 1992-இல் நமக்கு அணித்தே உள்ள அண்ணாமலைநகர் காவல் நிலையத்தில் ஒரு பெண் கெடுக்கப்பட்டாள். அவள் கணவன் காவலிலேயே மாண்டான். அதே ஆண்டு ஜூன் திங்களில் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 18 பழங்குடிப் பெண்கள் அரசு ஊழியரால் சிதைக்கப்பட்டனர். அவ்வழக்கில் 269 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். 2011-இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. எழுதப் படிக்க அறியாத அம்மலைப் பெண்கள் 31 ஆண்டுகள் தம் சொல்லிலிருந்து பிறழாது நின்றனர். இந்தியாவின் சட்ட வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க உறுதி அது.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் பிறந்தது. நம் பெண்களின் மானத்தைக் குலைக்கும் நோக்கில் தாக்குவதைத் தனிக் குற்றமாக அது வகுத்தது. அது ஏட்டில் உறங்காமல் எழ எத்துணைப் பாடு பட வேண்டும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று.

புதுக்கூரைப்பேட்டை

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசன் நம் இனத்துப் பொறியியல் பட்டதாரி. வேற்றுச் சாதியினரான கண்ணகியை 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். ஜூலை 8-ஆம் நாள் பெண்ணின் உறவினர் இருவரையும் பிடித்து, நஞ்சூட்டிக் கொன்று எரித்தனர். வயது வந்த பெண் தன் துணையைத் தானே தேர்ந்துகொண்டாள் என்பதே குற்றமாகக் கொள்ளப்பட்டது. காவல்துறையோ முருகேசனின் உறவினரையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. பின்னர் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. 18 ஆண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில் கடலூர்ச் சிறப்பு நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை விதித்தது. அவர்களுள் இருவர் காவல் அதிகாரிகள். முருகேசனின் உறவினர் இருவர் விடுவிக்கப்பட்டனர். மரண தண்டனை பெற்ற பெண்ணின் தமையனுக்கு உயர் நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. மகனை இழந்த ஒரு குடும்பம் 22 ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியதன் பயன் இது.

நம் வீட்டுக்குள்

வெளியாரின் கொடுமையை மட்டும் பேசி அமைவது நேர்மையாகாது. 2005-இல் இயற்றப்பெற்ற குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நம் வீட்டுக் கதவையும் தட்டுகிறது. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் எச்சாதியினனாயினும் அச்சட்டத்தின் முன் பதில் கூற வேண்டியவனே. ஊர்த் தெருவில் மானம் கேட்கும் நாம், நம் அடுப்படியில் அதனை மறுப்போமாயின் நம் போராட்டம் பாதிப் போராட்டமாகவே நிற்கும்.

நாம் செய்ய வேண்டுவது

1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, எழுத்தறிவே விடுதலையின் முதற்படி என்று கருதினார். அவ்வெழுத்து இன்று மனு எழுதவும் பயன்பட வேண்டும். இளைஞர்களே, சிலவற்றை நினைவில் நிறுத்துங்கள். எந்த எல்லையில் நடந்த குற்றமாயினும் எக்காவல் நிலையமும் புகாரை ஏற்றுப் பதிய வேண்டும். பதிந்த முதல் தகவல் அறிக்கையின் படியைப் புகார் தந்தவர் கட்டணமின்றிப் பெறலாம். வன்கொடுமைச் சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியர் தண்டனைக்குரியவர். பாதிக்கப்பட்டோர்க்கு நிவாரணத் தொகையும், 2015 திருத்தத்தின்படி பாதுகாப்பும், வழக்கின் நிலையை அறியும் உரிமையும் உண்டு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

சட்டம் தானாக நடந்து சேரிக்குள் வருவதில்லை. பெயர் சொல்லி அழைப்பார் வேண்டும். ஊருக்கு ஒரு பெண்ணையேனும் சட்டம் பயிலச் செய்வோம் என இவ்வெள்ளி விழாவில் உறுதி பூணுவோமாக. சங்கத்தின் பொன்விழா மலரில் இவ்வரலாற்றின் அடுத்த பகுதியை அப்பெண்களே எழுதட்டும்.