பர்ட்டன் நகரின் கிணற்று நீர்

பிறந்த ஊரைவிட்டு வேற்று மாநிலத்தில் குடியேறுவோர் முதல் வாரத்திலேயே உணரும் வேறுபாடு தண்ணீரினுடையது. பருப்பு வேகாத ஊர் உண்டு. காப்பி ருசிக்காத ஊரும் உண்டு. அத்தகைய கடின நீராலேயே உலகப் புகழ் எய்திய ஊர் ஒன்று இங்கிலாந்தில் இருக்கின்றது. ஸ்டாஃபர்ட்ஷயரில் டிரென்ட் ஆற்றங்கரையில் அமைந்த பர்ட்டன் என்னும் சந்தை நகரமே அது. அங்கே தழைத்த தொழில் பீர் காய்ச்சுதல். குடியைப் போற்றுவது நம் கருத்தன்று. ஆயினும் இவ்வரலாற்றின் நடுவே இந்தியா நிற்கின்றது.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு கிறித்தவ மடம் எழுந்தது. மடத்துத் துறவியரும் பீர் காய்ச்சினர். எனினும் டிரென்ட் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாக்க 1699இல் சட்டம் பிறந்த பின்னரே, பீப்பாய்கள் ஹல் துறைமுகம் வழியாக ரஷ்யா வரை பெருமளவில் சென்றன. 1777இல் வில்லியம் பாஸ் தம் ஆலையைத் தொடங்கியபோது அவ்வாணிகமே ஊருக்கு உயிர்நாடி. நெப்போலியன் 1806இல் விதித்த தடை அதனை முடக்கிற்று. 1822இல் ரஷ்யா விதித்த சுங்கவரி எஞ்சியதையும் கெடுத்தது.

கதவு அடைபட்ட அவ்வேளையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநரான மார்ஜோரிபாங்க்ஸ், ஆலை முதலாளி சாமுவேல் ஆல்சாப்பிடம் இந்தியச் சந்தையைச் சுட்டிக்காட்டினார். அச்சந்தை அதுவரை லண்டனைச் சேர்ந்த ஹாட்ஜ்ஸன் கைவசம் இருந்தது. ஹாட்ஜ்ஸனின் பீரைச் சுவைத்த ஆல்சாப் கசப்புத் தாளாமல் உமிழ்ந்தார் என்றும், அவர் பணியாளர் தேநீர்க் கெண்டி ஒன்றிலேயே அதனைப் போன்றதைக் காய்ச்சிக் காட்டினார் என்றும் சொல்வர். கெண்டிக் கதை எப்படியாயினும், வெற்றிக்குக் காரணம் கிணறுகளே.

கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, மாதக்கணக்கில் நீளும் பயணத்தில் பீர் கெடாமல் காக்க அப்பூ உதவிற்று. பர்ட்டனின் நிலத்தடியிலோ ஜிப்சம் படிந்து கிடக்கின்றது. அதனால் கால்சியம் சல்பேட் மிகுந்த நீரில் ஹாப்ஸின் கசப்பு துலக்கமாக இறங்கிற்று. பீரும் தெளிந்து, வெளிறிய நிறம் பெற்றது. லண்டன் நீருக்கு அத்தன்மை இல்லை. விரைவிலேயே இந்தியத் துறைமுகங்களில் ஹாட்ஜ்ஸனைப் பர்ட்டன் வென்றது. வாங்கிக் குடித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளும் வணிகருமே.

1839இல் இரயில் வந்தது. 1868இல் திறக்கப்பெற்ற லண்டன் செயின்ட் பாங்கராஸ் நிலையத்தின் நிலவறைத் தூண்கள், பர்ட்டன் பீப்பாய்களை அடுக்குவதற்கேற்ற இடைவெளியில் நிறுத்தப்பட்டன! பாஸ் ஆலையின் சிவப்பு முக்கோணம் பிரிட்டனின் முதல் பதிவுபெற்ற வணிகக்குறி ஆயிற்று. 1880களில் ஊரில் முப்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் இயங்கின. இண்ட் கூப், ட்ரூமன் முதலிய வெளியூர் முதலாளிகளும் அந்நீரை நாடி வந்து கிளை அமைத்தனர்.

ஆனால், அதே நூற்றாண்டின் இறுதிக்குள் வேதியியலார் அந்நீரின் உப்புகளைப் பகுத்தறிந்தனர். எந்த ஊர்த் தண்ணீரிலும் ஜிப்சம் கலந்து பர்ட்டன் நீரைப் போல ஆக்கலாம் என்றாயிற்று. அம்முறைக்கு ஊரின் பெயரையே சூட்டினர். பெயர் பரவியது, ஆலைகள் குறைந்தன.

மரப்பீப்பாய்களை வரிசையாய் இணைத்து நொதிக்கச் செய்யும் 'பர்ட்டன் யூனியன்' முறையை, அவ்வூரில் அதனைக் கடைசியாகக் கையாண்ட ஆலையும் 2024இல் கைவிட்டது. அவ்வரிசைகளுள் ஒன்று அண்டைப் பகுதியான டெர்பிஷயரில் உள்ள ஒரு சிற்றாலைக்குச் சென்று, அங்கே மீண்டும் நுரைக்கத் தொடங்கியது.